நடு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம்: தோட்டப்புற ஆங்கில ஆசிரியர்கள் கூடிப் பேச ஒரு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராக நியமனம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் செம்பனை மரங்களுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்கிறீர்கள். பள்ளியில் மொத்தம் எழுபது எண்பது பிள்ளைகள். ஆங்கிலம் எடுப்பவர் நீங்கள் ஒருவர்தான். இன்னொருவர் இருந்தாலும் கணிதம், உடற்கல்வி, பாடநூல் பொறுப்பு என்று அவர் தலைக்கு மேல் வேலை இருக்கும். ஆண்டு 3-இல், அதாவது மூன்றாம் வகுப்பில், ஒரு பிள்ளை, வாசித்துக்கொண்டே வந்து தினமும் ஒரே மாதிரிச் சொல்லில் தடுக்கி நிற்கிறது. ஏனென்று உங்களுக்குப் பிடிபடவில்லை. யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். முதல் ஆறு ஆண்டுகள் தனியாகவே ஓட்டினேன். அப்புறம் நாலைந்து ஆசிரியர்களோடு மாதம் ஒருமுறை உட்கார ஆரம்பித்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கேட்காது. ஒரே ஒரு மாலைப் பேச்சில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயங்களுக்கு அவர்களை வருடக்கணக்கில் அலைக்கழித்திருக்கிறேன். புதிதாக வருகிற நீங்கள் அந்த ஆறு ஆண்டுகளைக் கழிக்க வேண்டியதில்லை.

தோட்டப் பள்ளிகள் சிறிதாகவும் சிதறியும் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துக்கொடுக்க வேண்டும் என்றது. ஆகவே தோட்டத்துக்கொரு பள்ளி எழுந்தது. பின்னால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின, குடும்பங்கள் பட்டணம் போயின. பல பள்ளிகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. இன்று நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 150 பேரும் அதற்குக் குறைவாகவும் படிக்கும் பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்கிறது. தோட்டப்புறத்தில் பெரும்பாலும் அப்படிப்பட்ட பள்ளிகள்தான். அங்கே ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் இருப்பது இயல்பான விஷயம். ஆகவே துணையைப் பள்ளிக்கு வெளியேதான் தேட வேண்டும்.

முதல் வேலை: யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஒரு தாளில் உங்கள் ஊரை நடுவில் எழுதி, இருபது நிமிட வண்டி தூரத்துக்குள் இருக்கும் பள்ளிகளை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளிகளோடு நிறுத்திவிடாதீர்கள். தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பாலர்பள்ளி எல்லாம் வர வேண்டும். கடைத்தெருவில் மாடியில் டியூஷன் நடத்துகிற அக்காவும் வர வேண்டும். அவர்களும் தாய்மொழி ஆங்கிலம் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் ஆங்கிலம் கற்பிக்கிறார்கள்.

இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவராவது இருந்தால் நல்லது. நம் பிள்ளைகள் படிவம் 1-க்குப் போன பிறகு என்ன ஆகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு மலாய் ஆசிரியை முதல் நாளே சொன்னார்: "உங்கள் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறார்கள். ஆனால் நான் எதாவது கேட்டால் எழுந்து நின்று சிரிக்கிறார்கள்." நாங்கள் அத்தனை வருடமும் சொல்வதெழுதுதலில் முழு மதிப்பெண் வாங்கவைத்துக்கொண்டிருந்தோம். பேசவைக்கவே இல்லை.

பட்டியல் போட்டதும் ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பாருங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம்தான் திரும்பி வரும். நேரில் போய், "டீச்சர், நான் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கிறேன். ஆண்டு 3 வாசிப்பில் ஒரு சந்தேகம், உங்களிடம் கேட்கலாமா?" என்று கேளுங்கள். சந்தேகத்தோடு போகிறவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. சங்கம் ஆரம்பிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு போனால், எத்தனை நாள் நேரம் கேட்பார்களோ என்று பயந்துவிடுவார்கள். மூன்று பேர் கிடைத்தால் போதும், தொடங்கிவிடலாம்.

மேலே சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்

தலைமையாசிரியருக்கு முதலிலேயே தெரிய வேண்டும். மாவட்டக் கல்வி இலாகாவில் ஆங்கிலத்துக்கு என்று வழிகாட்டி அதிகாரி இருப்பார். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆசிரியர்கள் கூடிக் கற்கும் குழுக்களை அமைச்சே ஊக்குவிக்கிறது. அந்தப் பெயரிலேயே கூடினால், செலவழிக்கும் நேரத்தை உங்கள் பணி மேம்பாட்டுக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று அவரே சொல்வார்.

இதில் ஒரு சட்ட விஷயமும் உண்டு. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருக்க வேண்டும். ஆகவே உற்சாகத்தில் ஒரு பெயர் வைத்து, சின்னம் வரைந்து, தலைவர் செயலாளர் பொருளாளர் என்று பதவி கொடுத்துவிடாதீர்கள். பள்ளிகளுக்கிடையிலான கற்றல் குழுவாக, மாவட்ட இலாகாவுக்குத் தெரிந்து நடத்தினால் இந்தச் சிக்கல் வராது. பெரிதாக வளர்ந்து தனியாக நிற்க வேண்டும் என்று பிறகு தோன்றினால் அப்போது முறையாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

இடமும் நேரமும்

பேராக்கில் சனி ஞாயிறு விடுமுறை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை என்று வைத்திருக்கிறோம். கெடாவில் வெள்ளி சனி விடுமுறை என்பதால் கூலிம், கோலக்கெட்டில் பக்கத்து நண்பர்கள் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பதிலி வகுப்புச் சனிக்கிழமைகளை நாள்காட்டியில் முன்பே அடித்துவிடுங்கள். தைப்பூச வாரத்தில் வேண்டாம். நோன்பு மாதத்தில் மலாய் ஆசிரியர்கள் வருவார்கள், ஆனால் களைத்திருப்பார்கள். அந்த மாதம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம். தேநீர் வைப்பதில்லை.

பள்ளி நூலகம் போதும். முதல் முறை கூட்டியபோது நான் செய்த தவறு இதுதான். மண்டபம் எடுத்து, திரை கட்டி, வெளியூரிலிருந்து பேச்சாளர் அழைத்து, வந்தவர்களுக்குச் சான்றிதழும் நாசி லெமாக் பொட்டலமும் கொடுத்தேன். இருபத்தேழு பேர் வந்தார்கள். அடுத்த மாதம் வந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தபோதுதான் உண்மையில் பேச்சே ஆரம்பித்தது.

கூட்டத்தை எப்படி நடத்துவது

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். மற்றதெல்லாம் மாறலாம். இது மட்டும் இருந்தால் உங்கள் குழு நிற்கும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் ஒரே ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையின் நோட்டு வேண்டாம், மிகவும் பின்தங்கிய பிள்ளையுடையதும் வேண்டாம். உங்களைக் குழப்புகிற பிள்ளையின் நோட்டாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். பெயரின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடுங்கள். அதை மேசை நடுவில் விரித்து வைத்து, முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும். கொண்டுவந்தவரும் வாய் திறக்கக்கூடாது. அப்புறம் ஒவ்வொருவராக, கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். "இந்தப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை", "சோம்பேறி" என்பதெல்லாம் நோட்டில் எழுதியிருக்கவில்லை. அதனால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கடைசி அரை மணியில்தான், வரும் திங்கட்கிழமை இந்தப் பிள்ளையோடு என்ன செய்யலாம் என்று பேசுவோம்.

எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ஒரு முறை ஆண்டு 4 நோட்டு ஒன்று வந்தது. அந்தப் பெண்குழந்தை இரண்டே வரி எழுதியிருந்தாள்: "எஸ்டர்டே மை கிராண்ட்மதர் கோ ஹாஸ்பிட்டல். ஷி பாடி ஹாட்." ஆசிரியை சிவப்பு மையால் நாலு இடத்தில் வட்டம் போட்டு, கீழே சரியான வாக்கியத்தை எழுதி, மூன்று முறை எழுதிவரச் சொல்லியிருந்தார். பிள்ளை மூன்று முறை அழகாக எழுதியிருந்தாள். அடுத்த பக்கத்தில் வேறொரு கதையில் அதே பிழை மறுபடியும் இருந்தது.

பத்து நிமிடம் எல்லோரும் அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு டியூஷன் அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஷி பாடின்னு ஏன் எழுதியிருக்கா தெரியுமா? அவங்க உடம்புன்னு சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தோம். "அவங்க வந்தாங்க" என்றாலும் "அவங்க உடம்பு சுடுது" என்றாலும் பேச்சுத் தமிழில் அந்தச் சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் முதலாவது 'ஷி', இரண்டாவது 'ஹெர்'. பிள்ளைக்கு இரண்டும் 'அவங்க'தான். அதே போல 'சுடுது' என்பது தமிழில் வினைச்சொல். அதுவே வாக்கியத்தை முடித்துவிடும். 'ஹாட்' என்பதைப் பிள்ளை 'சுடுது' என்றே எடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் நடுவில் 'இஸ்' எதற்கு? அவள் கணக்கில் வாக்கியம் முழுமையாகத்தான் இருக்கிறது.

அடுத்தது 'கோ'. நேற்று நடந்ததற்கு ஏன் 'வெண்ட்' வரவில்லை? அங்கே மலாய் ஆசிரியை பேசினார். மலாயில் 'பெர்கி' என்ற சொல் நேற்றும் இன்றும் நாளைக்கும் அப்படியேதான் இருக்கும். காலத்தைக் காட்ட 'செமலம்' என்று முன்னால் போட்டால் போதும். பிள்ளை ஆங்கிலத்தையும் அந்த வழியிலேயே எழுதியிருக்கிறாள்: 'எஸ்டர்டே' போட்டாகிவிட்டது, வினை எதற்கு மாற வேண்டும்? பேச்சு மலாயில் 'கெ' என்ற சொல்லை விட்டுவிட்டு 'பெர்கி ஹாஸ்பிட்டல்' என்றே சொல்வார்கள் என்பதால் 'டு'-வும் விடுபட்டிருக்கலாம் என்றார்.

பார்த்தீர்களா? நாலு சிவப்பு வட்டமும் நாலு வெவ்வேறு காரணம். சில தமிழிலிருந்து வந்தவை, சில மலாயிலிருந்து. ஒரே வாக்கியத்தை மூன்று முறை எழுதவைப்பது இவற்றில் எதையும் தொடவில்லை. அங்கேயே ஒரு வழியும் கிடைத்தது. காலம் காட்டுவதில் தமிழ் நமக்குத் துணை. திங்கட்கிழமை அந்த ஆசிரியை பிள்ளையைக் கூப்பிட்டு, "பாட்டி நேத்து ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, சரியா?" என்று கேட்டார். பிள்ளை சிரித்துவிட்டு, "இல்ல டீச்சர், போனாங்க" என்றாளாம். "அப்போ இங்கிலீஷ்லயும் போனாங்கதானே வேணும்?" அவ்வளவுதான். அடுத்த மாத நோட்டில் 'வெண்ட்' இருந்தது. ஒரு இடத்தில் 'வெண்டட்' என்றும் இருந்தது. அதைப் பார்த்து எங்களுக்கு இன்னும் சந்தோஷம். விதி ஒன்று இருக்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டதன் அடையாளம் அது.

தனியாக இருந்தால் அந்த ஆசிரியைக்கு இது தெரிந்திருக்குமா? தமிழ்ப் பக்கத்துக் காரணம் ஒருவேளை தெரிந்திருக்கலாம். மலாய்ப் பக்கத்தைச் சொல்ல அந்த இன்னொரு ஆசிரியை வேண்டியிருந்தது. மூன்று மொழிக்கு நடுவில் வளர்கிற பிள்ளையைப் புரிந்துகொள்ள, அந்த மூன்று மொழியும் தெரிந்த ஆட்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கலந்த குழு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் சில மாதங்களுக்கு நோட்டு எதுவும் கொண்டுவர யாருக்கும் தோன்றாவிட்டால், உச்சரிப்பில் ஆரம்பியுங்கள். 'புக்கு', 'பஸ்ஸு' என்று கடைசியில் உகரம் சேர்வதும், குடிக்கிற 'காஃபி'யும் நகலெடுக்கிற 'காப்பி'யும் ஒன்றாகிவிடுவதும் எல்லா வகுப்பிலும் உள்ளவை. எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்காருவது

நாலைந்து மாதம் பழகிய பிறகுதான் இதற்குப் போக வேண்டும். அதற்கு முன் கேட்டால், சோதனை போடுகிறார்கள் என்று நினைப்பார்கள். இரு தலைமையாசிரியர்களின் அனுமதியும் வேண்டும்.

உட்காருகிறவர் ஆசிரியரைப் பார்க்கக்கூடாது. ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள். என் வகுப்பில் வந்து உட்கார்ந்த நண்பர், கடைசி வரிசைப் பையன் ஒருவனை முப்பது நிமிடமும் கவனித்தார். வகுப்பு முடிந்ததும் ஒரு சிறிய தாளைக் கொடுத்தார். அந்தப் பையன் முப்பது நிமிடத்தில் வாய் திறந்து சொன்ன ஆங்கிலச் சொற்கள் அதில் வரிசையாக எழுதியிருந்தன: 'குட் மார்னிங் டீச்சர்', 'எஸ்', 'தேங்க் யூ டீச்சர்'. நான் அன்றைக்கு மிக நன்றாகப் பாடம் நடத்தியதாக நினைத்திருந்தேன். உண்மையில் நான்தான் பேசியிருக்கிறேன். அதற்கு மறுநாளிலிருந்து ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து நிமிடம் இருவர் இருவராகப் பேசவைக்க ஆரம்பித்தேன். சத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

பாடநூலை நம் ஊருக்குக் கொண்டுவருவது

2017 முதல் ஆங்கிலப் பாடத்திட்டம் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலான சி.இ.எஃப்.ஆர். அடிப்படையில் நடக்கிறது. ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளை ஏ2 நிலையையும், இடைநிலைப்பள்ளி முடிக்கும்போது அதற்கு மேலான பி1 அல்லது பி2 நிலையையும் எட்ட வேண்டும் என்பது இலக்கு. ஏ2 என்றால், தன் வீடு, வேலை, கடை, போக்குவரத்து போன்ற அன்றாடக் காரியங்களை எளிய வாக்கியங்களில் சொல்ல முடிவது. நல்ல இலக்குதான். ஆனால் அதற்கென்று வந்த வெளிநாட்டுப் பாடநூல்களில் பனிக்காலமும் நம் பிள்ளை பார்த்தே இராத வீடுகளும் இருந்தன. தேசியப் பள்ளியைவிடத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலத்துக்கு நேரமும் குறைவு. அந்தக் குறைந்த நேரத்தில் பனி என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தால் மொழிக்கு நேரம் எங்கே?

இதில் குழு நன்றாகக் கைகொடுக்கும். பாடத்தின் மொழி நோக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு காட்சியை மாற்றுங்கள். 'அண்டர்', 'பிஹைண்ட்', 'பிட்வீன்' சொல்லித்தர சுங்கை சிப்புட் சந்தை போதும்: கீரைக்காரம்மா எங்கே, ரொட்டி சானாய்க் கடை எதற்குப் பின்னால், தாத்தாவின் மோட்டார் எவ்விரண்டு கடைக்கு நடுவில். படம் வரையத் தெரிந்த ஒருவர் வரைவார், ஒருவர் கேள்விகள் எழுதுவார், எல்லோரும் அவரவர் பள்ளியில் பயன்படுத்துவோம். ஆனால் விற்பனைக்குள்ள பயிற்சிப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புவது பதிப்புரிமை மீறல். அதைச் செய்யாதீர்கள். நீங்களே செய்ததைத் தாராளமாகக் கொடுங்கள்.

ஆங்கிலம் பேசக் கூச்சம்

நம்மில் பலரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். இருபது வயதில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில்தான் ஆங்கிலத்தை வாய்விட்டுப் பேசினோம். 2012-இல் ஆங்கில ஆசிரியர்களுக்குத் தரநிலைத் தேர்வு வைத்தபோது எத்தனை பேர் இரவெல்லாம் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே குழுவில் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள். நாங்கள் செய்தது இது: முதல் இருபது நிமிடம் மட்டும் ஆங்கிலம். யாரும் யாரையும் திருத்தக்கூடாது. அதன் பிறகு எந்த மொழியும் பேசலாம். ஆறு மாதத்தில் அந்த இருபது நிமிடம் தானாகவே நாற்பது ஆனது.

கூச்சப்படுகிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். ஆங்கிலம் கற்பிக்கும் துறையில் உலகமே திரும்பிப் பார்க்கிற ஆட்களில் தமிழர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவிட்டு அமெரிக்கா சென்ற சுரேஷ் கனகராஜா, ஆங்கில ஆசிரியர்களின் பன்னாட்டுச் சங்கமான டெசோலின் ஆய்விதழுக்கே ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவின் சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த குமாரவடிவேலு, 1994-இல் அதே இதழில் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. எங்கோ உருவாக்கிய ஒரு கற்பித்தல் முறையை எல்லா ஊருக்கும் பொருத்தக்கூடாது, தன் வகுப்பைப் பார்த்து ஆசிரியரே தனக்கான வழியை உருவாக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நடு மேசையில் நோட்டை வைத்துக்கொண்டு நாம் செய்வது அதைத்தான். தாய்மொழி ஆங்கிலம் இல்லாத ஆசிரியர்களுக்காக டெசோலுக்குள் ஒரு பிரிவு 1998-இல் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர் இலங்கையரான ஜார்ஜ் பிரெய்ன். பிறப்பால் ஆங்கிலம் பேசாதவர் என்பதற்காக ஆசிரியரை ஒதுக்கக்கூடாது என்று அந்தச் சங்கம் 2006-இல் அறிக்கையே வெளியிட்டது.

பெரிய சங்கங்களில் எப்போது சேரலாம்

குழு ஓர் ஆண்டு ஓடிய பிறகு சேருங்கள் என்பது என் யோசனை. கேட்கக் கேள்விகள் கையில் இருக்கும்போதுதான் பெரிய மாநாட்டுக்குப் போய்ப் பயனடைய முடியும்.

நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது மெல்டா, அதாவது மலேசிய ஆங்கில மொழி கற்பித்தல் சங்கம். மாநாடுகள் நடத்துகிறது, ஆசிரியர்களுக்கான ஆய்விதழ் வெளியிடுகிறது. வெளிநாட்டில் இரண்டு பெரியவை. டெசோல் 1966-இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஐயாட்டெஃபல் 1967-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. ஐயாட்டெஃபலில் துறைவாரியாகச் சிறு குழுக்கள் உண்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், சிறுவர்க்குக் கற்பிப்போருக்கான குழுவைப் பாருங்கள். சந்தா வெளிநாட்டுப் பணத்தில் இருப்பதால் ஒருவருக்குக் கனமாகத் தெரியலாம். பணம் கட்டும் முன், சலுகைக் கட்டணம் உண்டா, நம் நாட்டுச் சங்கத்தின் வழியாகச் சேர முடியுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கவுன்சில் இணையத்தில் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பாடப்பொருள்களில் பலவற்றுக்குக் காசு தேவையில்லை.

மாநாட்டுக்கு ஒருவரை மட்டும் அனுப்ப முடிந்தால், செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) எடுத்து வைக்கிறோம். பத்து வெள்ளிக்கு இந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். நமக்கு வேண்டியது ஒரு மாநாட்டுக் கட்டணமும் பேருந்துச் செலவும்தான். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு கூட்டத்திலும் மேசையில் வைத்துவிடுங்கள். போய் வருகிறவர் அடுத்த கூட்டத்தில், அங்கே கேட்டதில் தன் வகுப்பில் செய்துபார்த்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பதினைந்து உரைகளின் சுருக்கம் யாருக்கும் வேண்டாம்.

குழுவைக் கெடுப்பவை

புலனக் குழுவில் ஊட்டச்சத்து மாவும் காப்புறுதியும் விற்க ஆரம்பித்தால் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். முதல் நாளே கூடாது என்று எழுதிப் போடுங்கள். அரசியல் வீடியோவும் வேண்டாம். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்கள், பெயருள்ள நோட்டுப் பக்கங்கள் புலனத்தில் போகவே கூடாது. சின்ன ஊர் இது, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒரு தாய்க்கு அது எவ்வளவு வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டை ஒப்பிடும் பேச்சு வந்தாலும் நயமாக நிறுத்திவிடுங்கள். அந்தப் பேச்சு ஆரம்பித்த மாதத்திலிருந்து யாரும் குழப்பமான நோட்டைக் கொண்டுவர மாட்டார்கள். நல்ல நோட்டுகள் மட்டும் வரும். அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

மாற்றல் வரும்போது

ஆசிரியர் வேலையில் மாற்றல் வந்தே தீரும். தொடங்கியவர் போனதும் கலைந்துபோன குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கூட்டத்தை நடத்தும் பொறுப்பை நாலு மாதத்துக்கு ஒருமுறை கைமாற்றிவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டாவது முறையே கொடுக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு தாள்: எந்த ஆண்டு நோட்டு, என்ன பிழை, என்ன காரணம் என்று நினைத்தோம், திங்கட்கிழமை என்ன செய்தோம், பலன் என்ன. எங்கள் கோப்பில் இப்போது நூற்றுக்கும் மேல் தாள்கள் இருக்கின்றன. புதிதாக வருகிறவரிடம் முதல் வாரம் அதைத்தான் படிக்கக் கொடுக்கிறோம்.

போன ஆண்டு ஜொகூருக்கு மாற்றலாகிப் போன தங்கை ஒருத்தி, அந்தக் கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே முதல் கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தார்களாம். நோட்டு யாரும் கொண்டுவராததால், "ஷி பாடி ஹாட்" தாளையே நடுவில் வைத்து ஆரம்பித்திருக்கிறாள்.